தாரா சிங்: கோதாவிலிருந்து மேடைக்கு

தாரா சிங் (நவம்பர் 19, 1928 - ஜூலை 12, 2012) இந்தியத் தொழில்முறை மல்யுத்த வீரர், திரைப்பட நடிகர், மாநிலங்களவை உறுப்பினர். பஞ்சாபின் மண்கோதாவில் குஸ்தி பழகி, மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்த்த மேடை மல்யுத்தத்தில் புகழ்பெற்று, 1983-ல் ஓய்வு பெற்றார். மன்னர்களின் ஆதரவில் வாழ்ந்த பயில்வான்கள் பொதுமக்களின் காசை நம்பி வாழ நேர்ந்த காலமாற்றத்தை அவருடைய வாழ்க்கையில் காணலாம்.

பின்புலம்

வட இந்தியக் குஸ்தி, பதப்படுத்திய மண் பரப்பிய கோதாவில் நடப்பது. எதிராளியை மல்லாத்தி அவன் தோள்களை மண்ணில் பதிய வைப்பவர் வென்றவர். பயில்வானின் உணவுக்கும் பயிற்சிக்கும் பெரும் செலவு ஆகும். பால், நெய், பாதாம், இறைச்சி என அன்றாடம் வேண்டியவற்றைச் சாதாரண விவசாயக் குடும்பத்தால் தாங்க இயலாது. பாட்டியாலா, கோலாப்பூர் போன்ற அரசுகள் அந்தச் செலவை ஏற்றன. புகழ்பெற்ற காமா பயில்வான் 1928-ல் போலந்து வீரர் ஸ்பிஸ்கோவை ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்தியது பாட்டியாலாவில்தான்.

அதே ஆண்டில் அமிர்தசரஸ் மாவட்டம் தர்மூசக் என்ற சிற்றூரில் தாரா சிங் பிறந்தார். அவர் இளைஞரானபோது நாடு பிரிந்தது, சமஸ்தானங்கள் மறைந்தன. அரசவைப் பயில்வானாக வாழும் வழி அவருடைய தலைமுறைக்கு இருக்கவில்லை.

சிங்கப்பூர், மலாயா

1947-ல் தாரா சிங் சிங்கப்பூர் சென்றார். பீப்பாய் செய்யும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே ஹர்னாம் சிங்கிடம் மல்யுத்தம் பயின்றார். அக்காலச் சிங்கப்பூரில் கிரேட் வேர்ல்ட், ஹேப்பி வேர்ல்ட் போன்ற கேளிக்கைப் பூங்காக்கள் இருந்தன. நாடகம், சினிமா, குத்துச்சண்டை ஆகியவற்றுடன் மல்யுத்தமும் அங்கே மாலைநேரப் பொழுதுபோக்கு. சீனர், மலாய்க்காரர், பஞ்சாபியர், தமிழர் என உழைக்கும் மக்கள் வந்து கூடினர். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் அடங்கிய பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் வறண்ட ஊர்களிலிருந்தும் பலர் அந்நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றிருந்தனர்.

கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வென்று தாரா சிங் மலேசிய வாகையர் என்ற பட்டம் பெற்றார். அவருடைய புகழ்பெற்ற எதிராளி 'கிங் காங்' எனப்பட்ட எமில் சாயா. இன்றைய ருமேனியாவில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த பேருருவினர் அவர். உயரமும் கட்டுமஸ்தான உடலும் கொண்ட தாரா சிங், மலைபோன்ற கிங் காங் இருவரும் மோதுவதாக அறிவிக்கும் சுவரொட்டியே கூட்டத்தைச் சேர்த்தது. சாலை விபத்தில் காயமுற்ற கிங் காங் 1970-ல் மறைந்தார்.

பட்டங்கள்

இந்தியா திரும்பிய தாரா சிங் 1954-ல் 'ருஸ்தம்-எ-ஹிந்த்' பட்டம் பெற்றார். 1959-ல் கல்கத்தாவில் கனடாவின் ஜார்ஜ் கோர்டியென்கோவை வென்று காமன்வெல்த் வாகையர் ஆனார். 1968 மே 29 அன்று பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸ்ஸை வென்று உலக வாகையர் என அறிவிக்கப்பட்டார்.

லூ தெஸ் பலமுறை உலகப் பட்டம் வென்றவர். ஆனால் தேசிய மல்யுத்தக் கூட்டணியின் உலகப் பட்டத்தை அவர் 1966-லேயே ஜீன் கினிஸ்கியிடம் இழந்திருந்தார். எனவே பம்பாயில் வென்ற பட்டம் அந்தக் கூட்டணியின் பட்டம் ஆகாது. தொழில்முறை மல்யுத்தத்தில் பட்டங்களை வழங்கியவர்கள் அந்தந்தப் போட்டி அமைப்பாளர்களே. உலகம் முழுமைக்கும் பொதுவான ஒரே அமைப்பு இருக்கவில்லை.

போட்டியும் காட்சியும்

தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வியை முன்கூட்டியே பேசி முடிவு செய்வது வழக்கம். பிடிகளும் விழுதலும் கடும் பயிற்சியைக் கோருபவை. காயங்கள் மெய்யானவை. முடிவு மட்டும் காட்சியின் தேவைக்கேற்ப அமையும். தாரா சிங் தோல்வியே அறியாதவர் என்ற பரவலான கூற்றை இந்தப் பின்னணியில் வைத்தே பார்க்க வேண்டும். அதை விளையாட்டுப் பதிவாகக் கொள்வதற்கில்லை. பல பத்தாண்டுகள் கூட்டத்தைத் தன் பெயரால் ஈர்த்தவர் என்பதற்கான சான்றாகக் கொள்ளலாம்.

அதே காலத்தில் மறுபுறம் இருந்தவர் மகாராஷ்டிரத்தின் கே. டி. ஜாதவ். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மல்யுத்த வெண்கலம் வென்றார். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது. பயணச் செலவுக்கே அவர் பிறரிடம் பணம் திரட்ட வேண்டியிருந்தது. 1984-ல் விபத்தில் இறந்தார். அர்ஜுனா விருது மறைவுக்குப் பின்னரே வந்தது. முடிவு பேசி வைக்கப்படாத மல்யுத்தத்தில் வென்றவரை நாடு மறந்தது. மேடையில் வென்றவர் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானார்.

திரைப்படமும் ஓய்வும்

மேடைப் புகழ் தாரா சிங்கைத் திரைக்குக் கொண்டுவந்தது. 'கிங் காங்' (1962), 'ஃபௌலாத்' (1963) முதலிய இந்திச் சண்டைப் படங்களில் நாயகனாக நடித்தார். 1983-ல் டெல்லியில் நடந்த போட்டியுடன் மல்யுத்தத்திலிருந்து விலகினார். அப்போது அவருக்கு வயது 54.

1987-ல் தூர்தர்ஷனில் தொடங்கிய ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தொடரில் அனுமனாக நடித்தார். இந்தி அறியாத தமிழ்ச் சிற்றூர்களிலும் ஞாயிறு காலையில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீட்டில் ஊர் கூடியது. இளவட்டக்கல் தூக்குவதையும் சிலம்பத்தையும் திருவிழாவில் கண்டு வளர்ந்த தென்மாவட்ட மக்களுக்கு அந்த உடல்வலிமையைப் புரிந்துகொள்ள மொழி தேவைப்படவில்லை. உடல் பருத்த இளைஞனைத் 'தாராசிங்' என்று கேலியாகவும் பெருமையாகவும் அழைப்பது தமிழ்ப் பேச்சுவழக்கில் உண்டு.

2003 முதல் 2009 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தார். 2012 ஜூலை 12 அன்று மும்பையில் காலமானார். அமெரிக்காவின் டபிள்யூ. டபிள்யூ. இ. நிறுவனம் 2018-ல் அவரைத் தன் புகழ்மண்டபத்தில் சேர்த்தது.

மதிப்பீடு

புரவலர்களை இழந்த குஸ்தி அழியாமல் மக்கள் நினைவில் நீடிக்கத் தாரா சிங்கின் தலைமுறை கண்ட வழி மேடைக்காட்சி. அதற்காக வெற்றியின் மெய்ம்மையை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அவருடைய பட்டங்களை எண்ணிப் பெருமை பேசுவதோ, அவற்றைப் போலி என ஒதுக்குவதோ அவருடைய இடத்தைச் சரியாகக் காட்டாது. மன்னரின் கொடை நின்றுபோன பிறகு, மல்யுத்தத்தைத் தொழிலாகக் கொண்டு ஒரு பயில்வான் தலைநிமிர்ந்து வாழ முடியும் என்று காட்டியதே அவருடைய வரலாற்று முக்கியத்துவம்.