யாகூத்துக்குப் பூசிய கரி

'இரத்தத் திலகம்' (1963) படத்தில் வரும் கல்லூரி நாடகக் காட்சியில் சிவாஜி கணேசன் ஒத்தெல்லோவாகவும் சாவித்திரி டெஸ்டிமோனாவாகவும் தோன்றுவார்கள். எங்கள் திருவொற்றியூர்ப் பெரியவர்கள் அதைச் சிலாகித்துப் பேசக் கேட்டிருக்கிறேன். நானும் அதன் இரசிகனே. ஒத்தெல்லோ ஷேக்ஸ்பியரின் கற்பனை. வெள்ளை நடிகர்கள் கரிபூசி நடித்துவந்த பாத்திரம். லாரன்ஸ் ஒலிவியர் 1965இலும் அப்படியே நடித்தார். அது அவர்கள் மேடையின் மரபு என்று விட்டுவிடலாம். நம் மண்ணிலேயே வாழ்ந்து மடிந்த ஓர் ஆப்பிரிக்கருக்கும் அதே கதி நேர்ந்ததைத்தான் அவ்வாறு விட இயலவில்லை.

கமால் அம்ரோஹியின் 'ரசியா சுல்தான்' (1983) படத்தைச் சொல்கிறேன். ரசியாவாக ஹேமமாலினி. அவர் மனம் பறிகொடுக்கும் அபிசீனிய அடிமை ஜமாலுத்தீன் யாகூத்தாகப் பஞ்சாபியரான தர்மேந்திரா, முகமெங்கும் கருமை பூசிக்கொண்டு. (கய்யாமின் இசையை இங்கே குறிப்பிடாமல் போனால் பாவம்.)

ரசியா தில்லியை ஆண்டது 1236 முதல் 1240 வரை. யாகூத்துக்கு அவர் அளித்த பதவி அமீர்-இ-ஆகூர், அரச குதிரை லாயங்களின் தலைமை. குதிரைப்படையே அரசின் உயிராக இருந்த காலத்தில் அது லாயம் பெருக்கும் வேலையன்று. துருக்கியரல்லாத ஒருவர் அரசிக்கு அத்துணை அணுக்கமாக இருந்ததைத் துருக்கிப் பிரபுக்களால் பொறுக்க முடியவில்லை. சமகால வரலாற்றாசிரியர் மின்ஹாஜ் சொல்வது இந்தப் பொறாமையைத்தான்; காதலை அன்று. தகாத உறவென்ற பழியை ஏறத்தாழ நூறாண்டு கழித்து வந்த இபின் பதூதா பதிவு செய்கிறார். 1240இல் வெடித்த கலகத்தில் யாகூத் கொல்லப்பட்டார். ஒரு கறுப்பர் அதிகாரத்தில் அமர்ந்ததால் எழுந்த அரசியல் மோதல் இது. படமோ காதலையே கதையாக்கிக்கொண்டது.

முன்மாதிரி கிடைக்காமல் கரி பூசினார்கள் என்றும் சொல்வதற்கில்லை. எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, அகமதுநகர் அரசை நடத்தும் அளவுக்கு உயர்ந்த மாலிக் அம்பர் (இறப்பு 1626) முகலாயரைப் பல்லாண்டு திணறடித்தவர். பின்னாளில் அவுரங்காபாத் ஆன கட்கி நகரை அமைத்தவரும் அவரே. ஜஹாங்கீர் தம் நினைவுக்குறிப்பில் அவரை நிறத்தைச் சொல்லியே ஏசுகிறார். அம்பரின் வெட்டுண்ட தலைமீது தாம் அம்பு எய்வதாக ஓவியமும் தீட்டச் செய்தார். ஆயினும் முகலாய ஓவியர் ஹாஷிம் வரைந்த அம்பரின் உருவத்தைப் பாருங்கள்: அது ஓர் ஆப்பிரிக்கரின் முகம். பகைவனின் ஓவியன் காட்டிய நேர்மை 1983இன் ஒப்பனையறையில் இல்லை.

2023இல் ஓர் ஆவணத் தொடரில் கறுப்பின நடிகை கிளியோபாத்ராவாக நடித்தபோது, அரசி வெளிர்நிறத்தவர் என்று எகிப்தின் தொல்பொருள் துறையே அறிக்கை விட்டது. அவர் மாசிடோனிய வழியினர் என்பதால் அந்த வாதத்தில் நியாயம் உண்டு. அந்த நியாயத்தை யாகூத்துக்கும் அளக்க வேண்டாமா? வடசென்னைக் கதை என்றாலே சிவந்த நாயகியைத் தேடிப்பிடித்துக் கருமை தீட்டுவதைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு இந்தக் கேள்வி அத்தனை தொலைவானதன்று.

ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்கள் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழ்கிறார்கள், கன்னடமும் கொங்கணியும் பேசிக்கொண்டு. படம் வெளிவந்த நான்காம் ஆண்டில், 1987இல், இந்திய விளையாட்டு ஆணையம் அவர்களைத் தேடிச் சென்றது. ஓட்டப்பந்தயங்களில் பதக்கம் வாங்கித் தரும் கால்கள் வேண்டியிருந்தன.