மேன்பவர் ஊழியர் உரிமைகள் – யாழ்ப்பாணக் குடாநாடு

ஓரிடத்தில் வேலை செய்து, இன்னொரு கொம்பனியிடம் சம்பளம் வாங்குவோரைக் குடாநாட்டில் 'மேன்பவர்' ஆட்கள் என்பர். வங்கி வாசலில் நிற்கும் காவலாளியும் அலுவலகத் தரையைத் துடைக்கும் பெண்ணும் பெரும்பாலும் இவ்வகையினரே. 1990இல் மூடப்படும்வரை காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை பலருக்கு நிரந்தர வேலை கொடுத்தது. மாறாக, 2009இல் போர் முடிந்தபின் இங்கு கிளை திறந்த வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சுப்பர்மார்க்கெற்றுகளும் காவலையும் துப்புரவையும் ஒப்பந்தகாரரிடம் விட்டன. அக்கொம்பனிகள் பலவற்றின் தலைமையகம் கொழும்பில். சம்பளம் பிந்தினால் யாரைக் கேட்பது என்ற கேள்வி அங்கிருந்தே தொடங்குகிறது.

இவர்களுக்கென இலங்கையில் தனிச்சட்டம் இல்லை. ஒப்பந்தகாரர் சம்பளம் கொடுக்கத் தவறினால் வேலை வாங்கிய நிறுவனமே கொடுக்கவேண்டும் என்று இந்தியா 1970இலேயே சட்டம் செய்தது. பிரித்தானியாவில், ஒரே இடத்தில் ஒரே வேலையை 12 வாரம் செய்த ஏஜென்சித் தொழிலாளி, சம்பளத்திலும் வேலை நேரத்திலும் அங்குள்ள நேரடி ஊழியருக்குச் சமமாக நடத்தப்பட வேண்டும். இலங்கையில் பொதுவான தொழிற் சட்டங்களைக் கொண்டே சமாளிக்க வேண்டியிருக்கிறது. இது பெருங்குறை.

ஆயினும் கையில் எதுவும் இல்லை என்பதல்ல. ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கானாலும் முதல் நாளிலிருந்தே ஊழியர் சேமலாப நிதி உண்டு. ஊழியரின் பங்கு 8 சதவீதம், வேலைகொள்வோரின் பங்கு 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு வேலைகொள்வோர் மேலும் 3 சதவீதம் கட்டவேண்டும். அதை ஊழியரிடம் கழிக்கக்கூடாது. மாதம் 30,000 ரூபா பெறுபவரிடமிருந்து 2,400 ரூபாதான் கழிபடலாம். கொம்பனி தன் பணத்தில் 4,500 ரூபா போடவேண்டும். பிந்திக் கட்டினால் 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம். சம்பளப் பட்டியலில் கவனிக்கவேண்டிய இடமொன்று உண்டு: மேலதிக நேரக் கொடுப்பனவுக்குச் சேமலாப நிதி இல்லை. பன்னிரண்டு மணிநேரம் நிற்கும் காவலாளியின் சம்பளத்தில் பெரும்பங்கு 'ஓவர்ரைம்' என்ற வரிக்குள் போனால், அவருடைய ஓய்வுக்காலச் சேமிப்பு அந்தளவுக்குச் சுருங்கும்.

2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் வகுத்த தேசிய ஆகக்குறைந்த சம்பளம் இவர்களுக்கும் பொருந்தும். அப்போது 10,000 ரூபாவாக இருந்த தொகை 2025 ஏப்ரலில் 27,000 ஆனது. காவல் சேவைக்கும் துப்புரவுச் சேவைக்கும் தனித்தனிச் சம்பளச் சபைகளும் உள்ளன.

ஒப்பந்தத்தின் கால வரையறை உண்மையில் வெட்டுவது வேறு இடத்தில். பணிக்கொடை பெற, 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஐந்து ஆண்டு தொடர்சேவை வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நிறுத்த, அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ தேவை. ஆனால் நிறுத்துவதற்கு முந்திய 12 மாதத்துக்குள் 180 நாள் வேலை செய்தவருக்கே அந்தப் பாதுகாப்பு. ஆகவே சேவையைத் துண்டாடுவதில் கொம்பனிக்கு இலாபம் இருக்கிறது. ஆறு மாதம் நிறையுமுன் நியமனக் கடிதத்தின் காலம் முடியும். சில நாள் இடைவெளி. பிறகு அதே வாசலில் புதிய திகதியுடன் கடிதம். உண்மையான தவணை ஒப்பந்தம் தன் நாளில் முடிவது வேலைநீக்கமாகாது என்பது பொது நிலை. திரும்பத் திரும்பப் புதுப்பித்த ஒப்பந்தம் உண்மையில் தவணை ஒப்பந்தந்தானா என்பதே வழக்காகிறது.

சிறிலங்கா ரெலிக்கொம்மின் மேன்பவர் ஊழியர்கள் நிரந்தர நியமனம் கேட்டு 2016 டிசெம்பர் இறுதியில் வேலைநிறுத்தத்தில் இறங்கியது இந்த மேன்பவர் முறைக்கு எதிராகத்தான்.

1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குச் சட்டத்தில் ஒரு வழி திறந்திருக்கிறது. நேரடியாக வேலைக்கு வைப்பவர் மட்டுமல்ல, யாருக்காக இன்னொருவர் ஆளை வைக்கிறாரோ அவரும் அதன்படி வேலைகொள்வோரே. வேலைநேரத்தை வகுத்தவர், லீவு கொடுத்தவர், கண்டித்தவர் வங்கி முகாமையாளர் என்று காட்ட முடிந்தால் வாதம் வலுக்கும். கடிதத்தில் எழுதியதற்கு மாறாகவும் நியாயமான நிவாரணம் வழங்கத் தொழில் நியாய சபைக்கு அதிகாரம் உண்டு. அதனால் ஒவ்வொரு நியமனக் கடிதத்தையும் சம்பளப் பட்டியலையும் வரவுப் பதிவின் கைபேசிப் படத்தையும் வைத்திருப்பது அவசியம். சேமலாப நிதி, சம்பளக் குறைகளை யாழ்ப்பாணத்திலுள்ள மாவட்டத் தொழில் அலுவலகத்திலேயே முறையிடலாம். கொழும்புக்குப் போகத் தேவையில்லை. வேலைநீக்கத்துக்கு எதிரான விண்ணப்பம், நீக்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் நியாய சபைக்குப் போய்ச் சேரவேண்டும்.