கருவூலத்துக்கு வேறு வருடம்

நிதியாண்டு என்பது கணக்கைத் திறந்து மூடும் பன்னிரண்டு மாதம். அது ஜனவரியில்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. நம் நாட்டு அரசின் வரவு செலவுத் திட்டத்துக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. வருமான வரிக்கு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ரமழானில் ஸகாத் கணக்குப் பார்க்கிற நம்மட கடைக்காரருக்கு மூன்றாவதாகவும் ஒரு வருடம் உண்டு. இந்தச் சிக்கல் பக்தாத் காலத்துப் பழசு.

ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. நோன்புக்கும் ஹஜ்ஜுக்கும் பிறை போதும். கோதுமை பிறை பார்த்து விளைவதில்லையே! கராஜ் எனும் நிலவரியை அறுவடைக்குப் பிறகுதான் வாங்கலாம். அதனால் அப்பாஸியர் பாரசீகரின் நவ்ரோஸை வரியாண்டின் தொடக்கமாக வைத்துக்கொண்டார்கள். அங்கேயும் ஒரு வில்லங்கம். பாரசீகர் 365 நாளோடு நிறுத்திக்கொண்டதால், நாலு வருடத்துக்கு ஒரு நாள் வீதம் நவ்ரோஸ் முன்னே நகர்ந்தது. கதிர் பச்சையாக நிற்கும்போதே வரி வசூலிப்பவர் வாசலில் நின்றார். குடியானவன் கடன்பட்டுக் கட்டினான். இந்த வரலாற்றை அல்பிரூனி எழுதியிருக்கிறார். கலீபா முதவக்கில் இதைத் திருத்தப் புறப்பட்டார். 861இல் அவர் கொல்லப்பட, காரியம் நின்றுபோனது. முஃததித்தான் 895இல் நவ்ரோஸை ஜூன் 11க்குத் தள்ளிவைத்தார். அறிஞர்கள் இதை வானியல் செய்தியாகவே பேசுகிறார்கள். எனக்கு இது குடியானவனின் வயிற்றுச் செய்தி.

உஸ்மானியரிடம் பிரச்சினை தலைகீழானது. வரவு சூரியனைப் பார்த்து வந்தது, படையினரின் சம்பளமோ பிறையைப் பார்த்துப் போனது. 32 வருட வரவைக் கொண்டு 33 வருடச் சம்பளம் கொடுக்க வேண்டும். வரவில்லாமல் நழுவிப்போகும் அந்த ஆண்டுக்கு 'ஸிவிஷ்' என்று பெயர். கருவூல நெருக்கடிகள் பலவற்றுக்கும் இந்த ஆண்டுகளுக்கும் இருந்த தொடர்பை ஹலீல் ஸாஹில்லிஒக்லு என்ற துருக்கிய ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். 1840இல் அரச கணக்கு முழுவதும் மார்ச்சில் தொடங்கும் சூரிய நிதியாண்டுக்கு மாறியது. பிறகு ஜனவரிக்கு மாற்றியபோது, 1917ஆம் நிதியாண்டு பத்தே மாதத்தில் முடிந்தது.

நம்மட கணக்குக்கு வருவோம். மார்ச் 31இல் ஸகாத்தையும் சேர்த்து மூடுகிறவர், 33 தடவை கொடுக்க வேண்டியதை 32 தடவைதான் கொடுப்பார். அதனால்தான் சூரிய ஆண்டில் கணக்கு வைப்பவர் 2.5 வீதத்துக்குப் பதில் 2.577 வீதம் கொடுக்கட்டும் என்கிறார்கள் இக்கால அறிஞர்கள். பத்து லட்சத்துக்கு 770 ரூபாய் வித்தியாசம்.