சரிபார்ப்பு அறிவிப்புக்கு விளக்கவுரை

மூலம்: நும் விண்ணப்பம் சரிபார்ப்பிற்குத் தெரிந்தெடுக்கப்பட்டது, கல்லூரி கேட்கும் ஆவணங்களை அளிக்க, அது முடியுங்காறும் உதவித்தொகை வழங்கப்படாது.

அமெரிக்கக் கல்லூரிகளிற் பயில்வார் நடுவணரசின் நிதியுதவி வேண்டி ஆண்டுதோறும் நிரப்பும் விண்ணப்பம் 'ஃபாஃப்சா' எனப்படும். அதன்மேல் எழும் அறிவிப்பின் சாரம் இது.

'நும் விண்ணப்பம்': 'நீவிர்' என்னாது இங்ஙனம் கூறியமையின், ஆராயப்படுவது தாளேயன்றி மாணாக்கரது ஒழுக்கம் அன்று என்பது பெற்றாம்.

'தெரிந்தெடுக்கப்பட்டது': செயப்பாட்டுவினை. தெரிந்தெடுத்தது அமெரிக்கக் கல்வித்துறை என வருவித்துரைக்க. எழுதியதில் முரண் காணின், கல்லூரி தானே தெரிந்தெடுத்தலும் உண்டு. குற்றங் கண்டன்றோ தெரிந்தனர் எனின், அற்றன்று. பிழையே இல்லா விண்ணப்பமும் தெரியப்படும். ஆதலின் அஞ்சற்க.

'சரிபார்ப்பிற்கு': சரிபார்ப்பாவது எழுதியதை மூலச்சான்றோடு ஒத்துநோக்கல். அது வி1, வி4, வி5 என்னும் குழுக்களாய் நடக்கும். வருமானமும் வரியும் குடும்ப அளவும் நோக்குவது வி1. ஆளடையாளமும் கல்விநோக்க உறுதிமொழியும் நோக்குவது வி4. இரண்டும் நோக்குவது வி5.

'கேட்கும் ஆவணங்கள்': 'கேட்கும்' என்ற அடை கேளாதன விலக்கிற்று. வருமான வரித்துறையிலிருந்து நேரே வந்து திருத்தப்படாத வருமான விவரத்திற்கு வேறு சான்று வேண்டா. கையால் நிரப்பியதாயின், வரித்துறை தரும் வரிவிவரச் சுருக்கமோ (டிரான்ஸ்கிரிப்ட்) கையொப்பமிட்ட வரிப் படிவமோ வேண்டும். அச்சுருக்கத்திற்கு வரித்துறை கட்டணம் கொள்ளாது. குடும்ப அளவிற்கோ, உறுப்பினர் பெயரும் வயதும் உறவும் எழுதிக் கையொப்பமிட்ட பட்டியல் போதும். பெற்றோரைச் சார்ந்த மாணாக்கராயின் அதில் பெற்றோருள் ஒருவர் கையொப்பமும் இன்றியமையாதது. உடன் வாழும் பாட்டியைச் சேர்க்கலாமோ எனின், அவர் வாழ்க்கைச் செலவிற் பாதிக்குமேல் பெற்றோர் தாங்குவராயிற் சேர்க்கலாம். பலர் இடறும் இடம் ஈதாகலின் விரித்துரைத்தாம்.

'அளிக்க': வியங்கோள். ஆயினும் வேண்டுகோள் என்று நெகிழ்ந்து கொள்ளற்க. பின்வருந் தொடர் அதனை ஆணையாக்கிற்று.

'அது முடியுங்காறும் உதவித்தொகை வழங்கப்படாது': 2024–25ஆம் கல்வியாண்டில் வறிய மாணாக்கர்க்கு நடுவணரசு தரும் பெல் மானியத்தின் உச்சவரம்பு 7,395 டாலர், ஒரு தாள் குறையினும் அம்மானியம் நின்றுபோம். இதனுள் உய்த்துணரற்பாலது ஒன்றுண்டு. அவ்வாண்டு விண்ணப்பம் கேட்டது 2022ஆம் ஆண்டு வருமானம். இடையே தந்தை வேலையிழந்திருப்பின் பழைய எண் இன்றைய வறுமையைக் காட்டாது. அதனை எடுத்துரைத்து மறுமதிப்பீடு வேண்டும் வழி கல்லூரியில் உண்டு. எனினும் தெரிந்தெடுக்கப்பட்டார்க்குச் சரிபார்ப்பு முடிந்த பின்னரே அவ்வழி திறக்கும். ஆகவே காலந்தாழ்த்தலால் மிக இழப்பார் மிக வறியாரே.

இதனைக் கற்பார், அறிவிப்புக் கண்ட அன்றே தம் கல்லூரி இணையக் கணக்கைத் திறந்து, கேட்கப்பட்ட தாள்கள் எவையெனவும் கெடுநாள் யாதெனவும் பார்த்துக் குறித்துக்கொள்க.