எதுகை யாருக்காக? சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி குறித்து

நிகண்டுகள் செய்யுள் இயற்றுவோரின் கருவிநூல்கள் என்ற கருத்து ஆய்வுலகில் வேரூன்றியிருக்கிறது. இலத்தீனில் கவிபுனையும் பள்ளி மாணவர்க்கு ஒத்தசொல்லும் அடைமொழியும் எடுத்துக்கொடுத்த 'கிராதுஸ் அத் பார்னாசும்' போன்ற நூல்களோடு நிகண்டையும் சேர்த்தெண்ணத் தோன்றுவது இயல்பு. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் முதற் பத்துத் தொகுதிகளுக்கு அது பொருந்தலாம். ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதியாகிய பதினோராவதற்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பாடுகிறவனிடம் பொருள் முன்னமே இருக்கிறது. அவன் தேடுவது சொல்லை. படிக்கிறவன் முன்னே சொல் நிற்கிறது; அவன் தேடுவது பொருளை. பதினோராம் தொகுதி செல்வது இந்த இரண்டாம் வழியில்.

ஆயினும் அத்தொகுதி எதுகை முறையில் அடுக்கப்பட்டிருக்கிறதே, எதுகை பாடுவோர்க்குத்தானே வேண்டும் என்பர். ககர எதுகையின் முதற் செய்யுளைப் பார்ப்போம். பகவன், பகல், மகரம், அகம் என்பன நான்கு அடிகளின் தலைச்சொற்கள். ஒன்றைச் சொன்னால் மற்றது நாவில் வந்து நிற்கும். ஓரடி விட்டுப்போனாலும் ககரம் அதை மீட்டுத் தரும். மூன்றாம் அடியில் வரும் வசி என்ற சொல் இந்த எதுகைக்குள் அடங்காது. ஆனால் அது நிற்பது நான்காம் சீரில், மகரத்தோடு இனமோனையாக. தலைச்சொல்லை எதுகையும் இடைச்சொல்லை மோனையும் காக்கின்றன. ஓலையைப் புரட்டித் தேடுவதற்கன்று, மனத்தில் தங்குவதற்கே இந்த அடுக்கு எனக் கருத இடமுண்டு.

பகல் என்பதற்கு அங்கே நாள், முகூர்த்தம், கதிரவன், நடு, ஒளி எனப் பொருள்கள் வருகின்றன. பட்டினப்பாலை வணிகரின் நடுவுநிலைமைக்கு நுகத்தடியின் நடு ஆணியை உவமை சொல்லுமிடத்தில் பகல் என்ற சொல்லையே ஆள்கிறது. பகற்பொழுதை மட்டும் அறிந்தவர் அவ்விடத்தில் தடுமாறுவார். நிகண்டு ஓதியவர்க்கு ஐந்து பொருளும் ஒருங்கே எழும். இடம் நோக்கி ஒன்றைக் கொள்வார். மண்டலபுருடர் பட்டினப்பாலையை எண்ணித்தான் இதைச் சேர்த்தார் என்பது என் வாதமன்று.

வீரமாமுனிவரின் சதுரகராதியும் (1732) என் துணிபுக்குத் துணைநிற்கிறது. இலத்தீன் கல்வியில் ஊறியவர் அவர். சொல்லுக்குப் பொருள் கூறுவதைப் பெயரகராதியில் அகரவரிசையிலும், எதுகைச் சொற்களைத் தொடையகராதியிலும் பிரித்து வைத்தார். படிப்போர் தேவையும் பாடுவோர் தேவையும் வெவ்வேறு என்று கண்டதன் விளைவாகவே இப்பிரிவினையை நான் கொள்கிறேன். மண்டலபுருடரிடம் பொருளும் எதுகையும் ஒரே செய்யுளில் கட்டுண்டு கிடப்பது நினைவின் பொருட்டு.

சிலேடையும் மடக்கும் பாடுவோர்க்குப் பல்பொருட் சொற்கள் வேண்டுமே என்ற தடை பெரிதன்று. அந்தச் சிறுபான்மைக்காகத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் நிகண்டை மனப்பாடம் செய்திருக்க மாட்டார்கள்.

பிற்கால அகராதிகள், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் உட்பட, தேடுவோர்க்கு உதவுகின்றன. ஆனால் ஐயம் எழுந்தால்தான் அகராதியைத் திறப்போம். பகல் போன்ற பழகிய சொல்லில் ஐயமே எழுவதில்லை. மேலநீலிதநல்லூர்க் கல்லூரியில் சங்கப்பாட்டைப் பொழிப்புரையின் துணையோடு படிக்கும் மாணவர்க்கும் இடர் இதுவே: அருஞ்சொல்லுக்கு உரை இருக்கிறது, தெரிந்த சொல்லின் தெரியாத பொருள் கண்ணில் படாமல் நழுவிவிடுகிறது. பாடத்திட்டத்தில் நிகண்டின் வரலாறு ஒரு வினாவாக இருந்தால் போதாது. பதினோராம் தொகுதியின் ககர எதுகையையாவது முதற் பருவத்திலேயே வாய்விட்டு ஓதவைக்க வேண்டும்.