அரசியின் கையெழுத்தும் செயலரின் தலையெழுத்தும்

டியூடர் கால இங்கிலாந்தை எண்ணுங்கால் எலிசபெத் அரசியும், பர்லி, வால்சிங்காம் முதலிய பேரமைச்சர்களும் நம் நினைவில் நிற்கின்றனர். வில்லியம் டேவிசனைப் பொதுவான வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்து விடுகின்றன. கோப்புகளோடு வாழ்நாளைக் கழிக்கும் நம்மனோர்க்கு அவ்வரிகள் போதா.

ஸ்காட்லாந்துக்கும் நெதர்லாந்துக்கும் பலமுறை தூது சென்றவர் டேவிசன். ஸ்பெயினை எதிர்த்த டச்சு மாநிலங்களோடு 1585-இல் உடன்படிக்கை ஏற்பட்டபோது, உதவிக்கு ஈடாகக் கிடைத்த ஃபிளஷிங் நகரின் திறவுகோல்களைப் பெற்றுக்கொண்டவர் அவரே. அவற்றைத் தலையணைக்கடியில் வைத்து உறங்கிய இளம் உதவியாளர் புரூஸ்டர், பின்னர் 1620-இல் மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா சென்றார் என்பது ஒரு சுவையான கிளைக்கதை. 1586-இல் லெஸ்டர் பிரபு அரசியின் இசைவின்றி டச்சு மாநிலங்களின் ஆளுநர் பதவியை ஏற்றார். விளக்கம் கூறச் சென்ற டேவிசனே அரசியின் சினத்தை முதலில் தாங்கினார். லெஸ்டரும் பின்னர் அவர்மீதே பழியைச் சாய்த்தார். எனினும் அவ்வாண்டிலேயே வால்சிங்காமோடு அரசுச் செயலர் பதவி அவருக்குக் கிட்டியது. பதவியா, பொறியா?

ஸ்காட்லாந்தின் மேரி 1568 முதல் இங்கிலாந்தில் காவலில் இருந்தவர். கொலைச் சதியில் பங்குண்டு என 1586-இல் அவர்மீது தீர்ப்பாயிற்று. நாடாளுமன்றம் வற்புறுத்தியும் எலிசபெத் நாட்களைக் கடத்தினார். 1587 பிப்ரவரி 1 அன்று கிரீனிச்சு அரண்மனைக்கு டேவிசன் அழைக்கப்பட்டார். வால்சிங்காம் நோயுற்று வீட்டில் இருந்தார். மரண ஆணையில் அரசி கையெழுத்திட்டு, பெருமுத்திரை பெறுமாறு பணித்தார். இதைக் கண்டால் வால்சிங்காம் துயரத்தாலேயே மாண்டு போவார் என்று நகைக்கவும் செய்தார். அத்துடன் நிற்கவில்லை. மேரியின் காவலராகிய பாலெட், ஆணைக்குக் காத்திராமல் தாமே காரியத்தை முடித்துவிடலாகாதா என்று எழுதச் சொன்னார். கடிதம் போயிற்று. தம் மனச்சான்றுக்கு மாசு தேடிக்கொள்ள பாலெட் மறுத்துவிட்டார்.

மறுநாள் காலை, முத்திரை பெற வேண்டா என்று அரசியிடமிருந்து செய்தி வந்தது. முத்திரையோ முன்னரே விழுந்துவிட்டது. ஏன் இத்துணை விரைவு என்று அரசி வினவினாரே அன்றி, ஆணையைத் திரும்பக் கேட்கவில்லை; அனுப்பு என்றும் தெளிவாகக் கூறவில்லை. மேலிடத்தின் இத்தகைய மௌனத்தின் பொருள், அதன் கீழ்ப் பணியாற்றியவர்க்கே விளங்கும்.

நார்ஃபோக் கோமகன் 1572-இல் கொல்லப்பட்டபின் அப்பழியை அரசி பர்லியின்மேல் ஏற்ற முயன்றதை டேவிசன் மறக்கவில்லை. தனியே சுமக்க அஞ்சி, ஹாட்டனிடமும் பர்லியிடமும் சென்றார். பிப்ரவரி 3 அன்று பர்லியின் அறையில் கூடிய ஆலோசகர்கள், பொறுப்பை யாவரும் பகிர்ந்துகொள்வதென உறுதி செய்து, அரசிக்கு அறிவியாமலே ஆணையை ராபர்ட் பீல் வழியே அனுப்பினர். பிப்ரவரி 8 அன்று ஃபாதரிங்கே கோட்டையில் மேரியின் தலை துணிக்கப்பட்டது.

அரசி கொதித்தெழுந்தார். ஸ்காட்லாந்தையும் பிரான்சையும் அமைதிப்படுத்த ஒரு குற்றவாளி வேண்டியிருந்தது என்பதே நம் கருத்து. பர்லிக்குச் சில மாதங்கள் அரசியின் முகதரிசனம் இல்லை. டேவிசனுக்கோ லண்டன் கோபுரச் சிறை. பகிர்ந்துகொள்வதாகச் சொன்ன பொறுப்பு இவ்வாறு பங்கிடப்பட்டது! மார்ச் 28 அன்று 10,000 மார்க்கு, அதாவது 6,600 பவுனுக்கு மேற்பட்ட தண்டமும், அரசி விரும்பும் வரை சிறையும் விதிக்கப்பட்டன. அரசி தம்மிடம் தனிமையில் கூறியவற்றை வெளியிட்டு அவரோடு வழக்காடத் தாம் விரும்பவில்லை என்று டேவிசன் அவையில் அடங்கி நின்றார். பாலெட்டுக்கு எழுதச் சொன்ன செய்தி ஒன்றே போதும், வழக்கின் நிறம் மாறியிருக்கும். அதை அவர் அவையில் எடுக்கவில்லை.

பின்னர் விடுதலை கிடைத்தது. அரசியின் அருள் கிடைக்கவில்லை. எசெக்சு பிரபு பலமுறை பரிந்துரைத்தும் பயனில்லை. செயலர் பதவி 1596-இல் பர்லியின் மைந்தர் ராபர்ட் செசிலுக்குச் சென்றது. 1603-இல் எலிசபெத் மறைந்தார். அரியணை ஏறியவர் மேரியின் மகன் ஜேம்சு. டேவிசன் 1608 டிசம்பரில் ஸ்டெப்னியில் அடக்கம் செய்யப்பட்டார்.