காப்பும் ஆட்டமும்: கண்டிப் பிரதேச உதைபந்தாட்டமும் சிறுவர் பாதுகாப்பும் – ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

பிள்ளைத்தமிழ் எனும் பிரபந்தம் காப்புப் பருவத்தோடு தொடங்குகின்றது. குழந்தையைக் காக்குமாறு தெய்வங்களை வேண்டிய பின்னரே செங்கீரை, தால், சப்பாணி முதலான ஏனைய பருவங்கள் தொடர்கின்றன. பத்துப் பருவங்களுள் இறுதி மூன்றும் விளையாட்டுக்கு உரியவை. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல் என்றும் அவை பெரும்பாலும் வகுக்கப்படும். சிற்றில் பருவத்திற் சிறுமியர் மணலிற் கட்டிய வீட்டை ஆண்குழந்தை காலாற் சிதைக்க வருகின்றான். சிதைக்க வேண்டாம் என அவர்கள் இரந்து நிற்கின்றனர். ஒருவரின் ஆட்டம் மற்றவரின் ஆட்டத்தை அழிப்பதாய் அமைவதை மரபு அழகெனக் கண்டது.

இப்பிரபந்தத்தின் பாட்டுடைக் குழந்தை யார் என்பதும் கேட்கப்பட வேண்டிய வினாவாகும். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடியது இரண்டாம் குலோத்துங்க சோழனை. 17ஆம் நூற்றாண்டிற் குமரகுருபரர் பாடியது மதுரை மீனாட்சியை. அரசனுக்கும் தெய்வத்துக்கும் காப்பு உண்டு; உழுதவன் பிள்ளைக்குக் காப்புப் பாடியோர் இலர். எனவே காப்பு, ஆட்டம், சமத்துவம் ஆகிய மூன்றையும் தனித்தனியே பிரித்து நோக்க இயலாது என்பதற்கு நமது இலக்கிய வரலாறே சான்று தருகின்றது.

இன்று சிற்றூர் உதைபந்தாட்டக் கழகங்களிலே சமத்துவம் பற்றியும் சிறுவர் பாதுகாப்பு பற்றியும் பேசப்படுகின்றது. பெரும்பாலும் இவை கழக யாப்பிலே சேர்க்கப்படும் இருவேறு வாசகங்களாகவே கருதப்படுகின்றன. கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளையும் வரலாற்று நோக்கிற் காணுமிடத்து, இவ்விரண்டும் ஒரே பிரச்சினையின் இரு முகங்கள் என்பது புலனாகும். சமத்துவமற்ற இடத்திற் பாதுகாப்பு என்பது ஒருவரின் கருணையாகவே எஞ்சும். கருணையாகக் கிடைப்பது அதே கையாற் பறிக்கப்படவும் கூடும். இக்கருத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

விளையாட்டுக்கு மூன்று பொருள்கள் இன்றியமையாதவை: சமதரை, ஓய்வு நேரம், உழைப்பிலிருந்து விடுபட்ட உடல். கண்டியில் இம்மூன்றும் யாருக்கு வாய்த்தன?

கண்டி இராச்சியம் 1815இல் பிரித்தானியர் கைப்பட்டது. 1820களிற் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியிலும் பேராதனையை அடுத்த கன்னொருவையிலும் கோப்பிச் செய்கை தொடங்கியது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். அதே ஆண்டிலேயே கொழும்பிலிருந்து புகையிரதமும் கண்டியை அடைந்தது. மூலதனம் மலையேறியபோது அதன் விளையாட்டுக்களும் உடன் ஏறின. தோட்டத் துரைமாரும் அதிகாரிகளும் கூடும் இடமாகக் கண்டி விளையாட்டுக் கழகம் 1874இல் உருவாயிற்று. மிசனரிக் கல்லூரிகளின் வாயிலாக ஆங்கில விளையாட்டுக்கள் சுதேச மேட்டுக்குடியினரைச் சென்றடைந்தன. இலங்கைப் பாடசாலைகளுக்கிடையிலான முதலாவது றக்பிப் போட்டி 1906இல் கிங்ஸ்வூட் கல்லூரிக்கும் திரித்துவக் கல்லூரிக்கும் இடையே கண்டியிலேயே நடைபெற்றது. திரித்துவக் கல்லூரியின் அஸ்கிரிய மைதானம் குன்றை வெட்டிச் சமப்படுத்தி அமைக்கப்பட்டு 1915இற் திறக்கப்பட்டது. மலையை வெட்டிச் சமதரை ஆக்க வல்லவருக்கே மலைநாட்டிலே மைதானம் கிடைத்தது என்பது வெறும் உவமையன்று.

கண்டியின் கௌரவ விளையாட்டாக றக்பி நிலைபெற்றது. உதைபந்தாட்டமோ நகரத்து ஒழுங்கைகளிலும் தோட்டத்து லயங்களின் முன்னும் ஒரு பந்தோடு மட்டும் ஆடத்தக்கதாயிற்று. காலணியின்றியும் அதனை ஆடலாம். 1911இற் கல்கத்தாவின் மோகன் பகான் அணியினர், ஒருவர் நீங்கலாக, வெறுங்காலுடன் ஆடி கிழக்கு யோக்சயர் படைப்பிரிவின் அணியை வென்ற நிகழ்ச்சி காலனித்துவ ஆசியா முழுவதிலும் பொருள் பொதிந்ததொன்றாயிற்று. ஆளப்படுவோர் ஆள்வோரைச் சமதரையிலே சந்திக்கக்கூடிய அரிய களங்களுள் இதுவும் ஒன்று என்பதே அதன் பொருள்.

3

ஆனால், தோட்டத்துப் பிள்ளைக்கு வெறுங்கால் ஆட்டமும் எளிதாக வாய்க்கவில்லை. கோப்பிக் காலத்தில் உழைப்பாளர் பெரும்பாலும் பருவகாலத்தில் வந்து மீளும் ஆடவராவர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆதலால் குடும்பம் முழுவதையும் தோட்டத்தில் நிலைநிறுத்த வேண்டிய தேவை மூலதனத்துக்கு ஏற்பட்டது. இவ்வாறுதான் பெண்ணும் பிள்ளையும் பெரட்டுக் களத்திலே நிறுத்தப்பட்டனர்.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தொழிலாளர் பெற்ற உரிமைகளுள் முக்கியமானதொன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் உள்ளமைப்பு மனங்கொள்ளத்தக்கது. ஆண், பெண், சிறுவர் என மூன்று கூலி வீதங்களை அச்சட்டம் அங்கீகரித்தது. பத்து வயதுக்குக் குறைந்தோரை வேலைக்கு அமர்த்துவதையும் அது தடுத்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமோ ஆறு முதல் பத்து வயதுவரையான பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டங்கள்மீது சுமத்தியிருந்தது. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்போர்க்கு உண்மை விளங்கும். பள்ளிக்கூடத்தின் முடிவும் பெரட்டின் தொடக்கமும் ஒரே வயதிற் சந்தித்தன. இன்று பத்து வயதுக்குட்பட்டோர் அணியிலிருந்து ஒரு பிள்ளை அடுத்த அணிக்கு உயர்கின்ற அதே வயதில் அன்றைய பிள்ளை கூலிப் பட்டியலுக்கு உயர்ந்தது. சட்டம் தோட்டத்துச் சிறுவரைப் பெயர்சொல்லி அழைத்த முதற் சந்தர்ப்பங்களுள் ஒன்று, கூலியின் மூன்றாவது வீதமாகவே அமைந்தது.

1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் புறத்தே நின்றன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மக்களையே நாட்டின் புறத்தே நிறுத்தியது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேயே. பெண்களுக்குச் சம கூலி கிடைத்தது 1984இலேயே. அதன் பின்னரும் வீட்டு வேலையின் பங்கு மாறவில்லை. தாய் கொழுந்து நிறுத்து வீடு திரும்பும் வரை தம்பி தங்கையரைப் பார்ப்பவளும் தண்ணீர் சுமப்பவளும் மூத்த மகளே. பிள்ளைக்காம்பராவிலிருந்து கைக்குழந்தையை அழைத்து வருபவளும் பெரும்பாலும் அவளே. மாலை நான்கு மணிக்குப் பயிற்சி என ஒரு கழகம் அறிவிக்குமாயின், அது ஆண்பிள்ளைகளுக்கான அறிவிப்பாகவே முடியும். கதவு எல்லோருக்கும் திறந்திருக்கின்றது எனக் கழகம் உண்மையாகவே நம்பலாம். ஆனால் கதவருகே வருவதற்கான நேரம் சமமாகப் பங்கிடப்படவில்லை. சிற்றிலைச் சிதைப்பதற்கு இன்று காலால் உதைக்க வேண்டியதில்லை. நேர அட்டவணையே போதுமானது.

4

இனிப் பாதுகாப்பின் வரலாற்றை நோக்குவோம். தோட்ட அமைப்பில் ‘காப்பவர்’ எனும் வேடத்தைப் பூண்டவர் பெரிய கங்காணி. சொந்த ஊரிலிருந்து உறவினரையும் சாதியினரையும் முன்பணம் கொடுத்து அழைத்து வந்தவர் அவர். துரையிடம் அவர்களுக்காகப் பேசியவரும் அவர். அவர்களின் கடன் கணக்கை வைத்திருந்தவரும் அவரே. வேலைக்கு வந்த ஒவ்வொருவர் பேரிலும் நாளாந்தம் ஒரு சிறு தொகை அவருக்குச் சேர்ந்தது. கடன் தீர்ந்ததைக் காட்டும் துண்டு இன்றித் தொழிலாளி வேறு தோட்டத்துக்குச் செல்ல இயலாது. 1921இல் துண்டுமுறை ஒழிக்கப்படும் வரை இந்நிலை நீடித்தது. காப்பும் கட்டும் ஒரே கையில் இருந்தன என்பதே இவ்வுறவின் சாரம். எதிர்த்துப் பேச விரும்புவோர் தமக்காகப் பேசவேண்டியவரையே எதிர்க்க வேண்டியிருந்தது.

இவ்வுறவு கங்காணியோடு மறைந்துவிடவில்லை. வறிய பிள்ளைகள் ஆடும் கழகமொன்றிற் பயிற்றுநர் வகிக்கும் இடத்தை எண்ணிப் பார்க்கலாம். அணியிற் சேர்ப்பவரும் நீக்குபவரும் அவர். காலணி வாங்கித் தருபவர், பேருந்துக் கட்டணம் கொடுப்பவர், நகரப் பாடசாலை ஒன்றில் அனுமதி பெற்றுத் தரக்கூடியவர் என நம்பப்படுபவரும் அவரே. பெற்றோர் அவரிடம் நன்றிக்கடன் பட்டவர்கள். இவருட் பெரும்பாலோர் ஊதியமின்றி உழைக்கும் நல்லோர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் இங்கு ஆராயப்படுவது தனிமனிதரின் குணமன்று, உறவின் அமைப்பு. உதவி கடனாகவும் கடன் மௌனமாகவும் மாறும் அமைப்பிலே தீயவன் ஒருவன் புகுவானாயின், அவனைத் தடுக்க எதுவுமில்லை. நல்லவர்கள் நிறைந்த கழகம் என்பது அவனுக்கு மறைவிடமாகவும் ஆகலாம்.

துஷ்பிரயோகம் வறியோரிடை மட்டும் நிகழ்வது எனக் கொள்ளுதல் தவறு. இங்கிலாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் பலர், சிறுவயதிற் பயிற்றுநர்களாலும் வீரர் தேர்வாளர்களாலும் தமக்கு இழைக்கப்பட்ட பாலியற் கொடுமைகளை 2016இல் வெளிப்படுத்தினர். அது பற்றிய ஷெல்டன் அறிக்கை 2021இல் வெளிவந்தது. 1995 முதல் 2000 வரையான காலத்திற் பாதுகாப்பு நடவடிக்கைகளை எடுப்பதிலே அந்நாட்டு உதைபந்தாட்டச் சங்கம் மிகவும் தாமதித்தது என அவ்வறிக்கை கண்டது. உலகின் செல்வம் மிக்க விளையாட்டுச் சங்கங்களுள் ஒன்றின் நிலை அது. அணியில் இடம் தரும் அதிகாரமே அங்கும் பிள்ளைகளின் வாயை அடைத்தது.

அதே சங்கம் 1921 டிசம்பரில் மற்றொரு தீர்மானத்தையும் எடுத்திருந்தது. முதல் உலகப்போரின்போது பிரெஸ்ரன் நகரத் தொழிற்சாலைப் பெண்கள் தொடங்கிய அணியின் ஆட்டத்தைக் காண 1920 இறுதியில் லிவர்பூலில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். மறு ஆண்டே, உதைபந்தாட்டம் பெண்களுக்குப் பொருந்தாதது எனக் கூறிச் சங்கத்தின் மைதானங்கள் அவர்களுக்கு மூடப்பட்டன. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அத்தடை நீடித்தது. பெண்களின் உடல்நலத்தைக் காத்தல் என்பதே அத்தடைக்குக் கூறப்பட்ட நியாயங்களுள் ஒன்று. சமத்துவத்தை மறுப்பதற்குக் காப்பின் மொழி எவ்வாறு பயன்படும் என்பதற்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. பெண்பிள்ளைக்கு ஆபத்து உண்டு, ஆதலால் அவள் வீட்டில் இருக்கட்டும் எனும் வாதம் நம்மிடையேயும் கேட்கின்றது. ஆபத்தை விளைவிப்பவனை விட்டுவிட்டு ஆபத்துக்கு ஆளாகுபவளை அடைத்து வைப்பது பாதுகாப்பு ஆகாது.

5

சட்டத்தளத்தில் இலங்கை பின்தங்கியிருக்கின்றது எனக் கூறுவதற்கில்லை. சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை 1991இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 19ஆம் உறுப்புரை வன்முறையிலிருந்து பாதுகாப்பையும், 31ஆம் உறுப்புரை ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமைகளாகக் கூறுகின்றன. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை நிறுவப்பட்டது; 1929 எனும் தொலைபேசி இலக்கத்தில் அதற்கு முறையிடலாம். பாடசாலையில் ஆசிரியர் அடித்ததனால் மாணவன் ஒருவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடித்துத் திருத்துவதைப் பயிற்சியின் ஒரு பகுதியாகக் கருதும் மைதானங்களுக்கும் அத்தீர்ப்பிற் பாடம் உண்டு.

2021இன் தொடக்கத்தில், வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதைப் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தும் திருத்தச் சட்டமும் நிறைவேறியது. அவ்வாண்டு யூலையில், நுவரெலியா மாவட்டத்து டயகமவைச் சேர்ந்த பதினாறு வயதுச் சிறுமி, கொழும்பிலே முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டில் வேலைசெய்து வந்த நிலையில், தீக்காயங்களுடன் மருத்துவமனையில் இறந்தாள். மலையகமெங்கும் மக்கள் வீதியில் இறங்கினர். ஏட்டுச் சட்டத்துக்கும் லயத்து வாழ்வுக்கும் இடையிலான தூரத்தை அம்மரணம் அளந்து காட்டியது. குடும்பத்தின் கடன் தீராத வரை, பிள்ளையின் உரிமை தாளிலேயே இருக்கும்.

6

அவ்வாறாயின் ஒரு சிறு கழகம் செய்யக்கூடியது யாது? உற்பத்தி உறவுகள் மாறும்வரை காத்திருப்பதா? அவ்வாறு கூறுவது மார்க்சியமாகாது; அது கைகட்டி நிற்பதற்கான சாக்காகும். சிறுவர் வேலைக்கு வயதெல்லையும் பெண்ணுக்குச் சம கூலியும் அமைப்பு முற்றாக மாறுவதற்கு முன்னரே போராடிப் பெறப்பட்டவை.

கழகம் தனக்குள்ளே கங்காணி உறவை உடைக்கலாம். காலணியும் பயணச் செலவும் பயிற்றுநரின் கையிலிருந்து வருதல் ஆகாது. கழக நிதியிலிருந்து, கணக்கில் எழுதப்பட்டு, எல்லோருக்கும் உரியதாக வருதல் வேண்டும். அணித் தேர்வு ஒருவரின் விருப்பமாக இருத்தல் ஆகாது. பிள்ளையொன்றுடன் வளர்ந்தவர் ஒருவர் தனித்திருக்கும் சூழல் வாகனத்திலோ உடைமாற்றும் அறையிலோ ஏற்படலாகாது. முறைப்பாட்டைக் கேட்பவர் பயிற்றுநருக்குக் கீழ்ப்பட்டவராக இருத்தலும் ஆகாது. அவரிடம் தமிழிலும் சிங்களத்திலும் பேச இயலவேண்டும். நிர்வாகக் குழுவிலே கொழுந்து பறிக்கும் தாய்மாருக்கு இடம் வேண்டும். பயிற்சி நேரத்தைப் பெண்பிள்ளைகளின் நாளைக் கேட்டறிந்த பின்னரே வகுத்தல் வேண்டும். இவற்றுட் பல பெருஞ்செலவு வேண்டாதவை. ஆனால் இவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் அதிகாரத்தைக் குறைப்பவை. இவை எளிதில் நிறைவேறாமைக்குக் காரணமும் அதுவே.

பிள்ளைத்தமிழ்ப் புலவன் காப்பைத் தெய்வத்திடம் வேண்டினான். தோட்டத்துத் தொழிலாளி அதனைக் கங்காணியிடமும் துரையிடமும் வேண்ட நேர்ந்தது. இன்றைய பிள்ளை அதனை எவரிடமும் வேண்டி நிற்கலாகாது. கேட்கும் உரிமையும், மறுக்கும் உரிமையும், தவறு செய்தவர் யாராயினும் அவர்மீது முறையிடும் உரிமையும் உடைய பிள்ளையே பாதுகாக்கப்பட்ட பிள்ளை. அத்தகைய பிள்ளைகள் ஆடும் மைதானம் எத்துணைச் சரிவிலிருந்தாலும் சமதரையேயாகும்.